மாப்பிள்ளைக்கு மாற்றிக் கொடுத்த மாத்திரை

பிப்ரவரி 3

என் செல்லப் பேத்தி பாப்பாவுக்குப் பாட்டி எழுதிக்கொள்வது.

முதலில் நம் வீட்டுப் பெருமைகளைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். உன் அண்ணன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஆகிவிட்டான். நாற்பது பேர் அவன் பேச்சைக் கேட்கிறார்களாம். நான் ஒரு பக்கெட்டை நகர்த்தச் சொன்னால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது. உன் தங்கை குட்டி கணக்கில் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு எங்கே என்று கேட்டேன். "டீச்சரே வெச்சுக்கிட்டாங்க" என்றாள். உன் மாமன் மகன் நீச்சலில் மூன்றாவது பரிசு. நீந்தியதே நாலு பேர்தான் என்று தாத்தா சொன்னார், அதை நான் எழுதப்போவதில்லை. பிள்ளைகளோடு சேர்த்து உன் அப்பாவையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஓட்டி இருபத்தாறு வருஷமாகிறது, வண்டியில் ஒரு கீறல் கிடையாது. வருகிற ஜூன் மாதம் டிப்போவில் பதக்கம் தருகிறார்களாம்.

இதற்கெல்லாம் மேலே நீ. மருந்துப் படிப்பு முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாய். தெருவில் யார் கேட்டாலும், "என் பேத்தி இடுப்பு வலி மாத்திரையைப் பத்தி ஆராய்ச்சி பண்றா" என்கிறேன். தையல்கடைக்காரி என்ன சொன்னாள் தெரியுமா? "இடுப்பு வலிக்கு இன்னுமா மாத்திரை கண்டுபிடிக்கல?" அவள் வாயை அடைக்க எனக்கு ஒரு பதில் வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு விளங்குகிற மாதிரி எழுது.

என் முழங்கால் அப்படியேதான். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பாட்டி


பிப்ரவரி 12

அன்புப் பாட்டிக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூக்கம்தான் குறைச்சல். தாத்தாவின் இருமல் எப்படி இருக்கிறது?

தையல்கடை அத்தைக்குப் பதில் இதுதான். மாத்திரைகள் நிறைய இருக்கின்றன. எதோடு எதைச் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்பதுதான் கேள்வி. இடுப்பு பிடித்துக்கொண்டு வருகிற எல்லோருக்கும் வலி மாத்திரை ஒன்று பொதுவாகத் தருகிறோம். கூடவே இரண்டாவதாக ஒன்று. அது சிலருக்குப் பாரசிட்டமால், சிலருக்குத் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து, சிலருக்கு வெறும் மாவு. மூன்றையும் ஒரே ஊதா நிறக் கேப்ஸ்யூலில் நான்தான் அடைக்கிறேன். யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு வலியைக் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடும். பிறகு தினமும் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். எண் வேகமாக இறங்கும் கூட்டு எதுவோ அதுதான் ஜெயித்தது. தசை மருந்தில் கொஞ்சம் தூக்கம் வரும், அதையும் குறித்துக்கொள்வோம். விளையாட்டு மாதிரி இருக்கிறது பாட்டி, உங்களுக்குப் பிடிக்கும்.

எல்லோருக்கும் என் அன்பு.

பாப்பா


பிப்ரவரி 24

என் கண்ணே பாப்பா,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? தையல்கடைக்காரிக்கு உன் கடிதத்தையே படித்துக் காட்டினேன். வெறும் மாவு என்ற இடத்தில் கோபித்துக்கொண்டாள். ஆனால் வாய் அடைத்தது.

இப்போது கேள். நம் வீட்டிலேயே ஆராய்ச்சி வந்துவிட்டது. போன வியாழக்கிழமை இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றினார்கள். மேல் பக்கம் உன் அப்பா, கீழ்ப் பக்கம் தாத்தா. படி திரும்புகிற இடத்தில் மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே நொடியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிப்போ டாக்டர் உன் அப்பாவுக்கு வெள்ளை மாத்திரை கொடுத்தார், வலி மாத்திரையும் பாரசிட்டமாலும் சேர்ந்தது. தெருக்கோடி டாக்டர் தாத்தாவுக்கு மஞ்சள் மாத்திரை கொடுத்தார், அதில் நீ சொன்ன தசை மருந்து சேர்ந்திருக்கிறது. வேளைக்கு ஒன்று, இரண்டுக்கும் ஒரே கணக்கு.

உன் அப்பா சமாசாரம் உனக்குத் தெரியும். அத்தனை நீள வண்டியைச் சந்துக்குள் திருப்புகிற மனுஷனுக்கு ஒரு மாத்திரை தொண்டையில் இறங்காது. வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று யாரிடமும் சொல்ல மாட்டார். கல்யாணமான வருஷத்திலிருந்து நான்தான் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சர்க்கரை கலந்து, காகிதத்தில் மடித்துச் சாப்பாட்டு டப்பாவோடு வைக்கிறேன். இந்தத் தடவை தாத்தாவுக்கும் பொடி. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா?

தினம் சாயங்காலம் பத்துக்கு எத்தனை என்று கேட்டு, கேலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் நேரே கேட்கக் கூடாதே, உன் அம்மாவை விட்டுக் கேட்கிறேன். தாத்தா முதல் நாள் பன்னிரண்டு என்றார். இன்றைக்கு நாலு. உன் அப்பா இன்னும் ஏழிலேயே நிற்கிறார். நாளைக்கு லீவு முடிகிறது. செருப்பு மாட்டக் குனியும்போது பல்லைக் கடிக்கிறார், பார்க்கப் பொறுக்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை. பலித்தால் எழுதுகிறேன், உன் பெரிய டாக்டரிடம் காட்டு.

உன் பாட்டி


மார்ச் 4

பாட்டிக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. அவசரமாக எழுதுகிறேன், விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

உங்கள் யோசனை நான் நினைப்பதுதான் என்றால், செய்யாதீர்கள். செய்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அந்த மஞ்சள் மாத்திரை தலையைச் சுற்றும், கண்ணைச் சொக்க வைக்கும். வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஆகாது. அதனால்தான் டிப்போ டாக்டர் அதைக் கொடுக்கவில்லை. இங்கே எங்கள் நோயாளிகளிடம் முதல் நாளே, "வண்டி ஓட்டாதீங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம். அதை நான் உங்களுக்கு எழுதவில்லை.

ஒரே வரி போதும், பதில் போடுங்கள்.

பாப்பா


மார்ச் 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். தாத்தா நிமிர்ந்து நடக்கிறார். குட்டிக்குப் பள்ளியில் கட்டுரைப் பரிசு. உன் அம்மா வேலைக்குப் போய் வருகிறாள். உன் அப்பா இன்னும் கொஞ்ச நாள் வீட்டில்தான் இருப்பார். வெயில் ஏறிவிட்டது.

ஆராய்ச்சி எல்லாம் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. கேலண்டரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பாட்டி


மார்ச் 20

அன்புப் பாட்டிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? ராத்திரி தூங்குகிறீர்களா?

அண்ணன் எழுதியிருந்தான். மார்ச் முதல் தேதி மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எடுத்த முதல் நடையில், அப்பாவின் பஸ் சாலை நடுத்திட்டில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியதாம். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பயணிக்கு நெற்றியில் ஐந்து தையல். அப்பாவை ஊதச் சொன்னார்கள், குடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் ரத்தத்தில் தசைத் தளர்த்தி மருந்து இருந்ததாம். "டிப்போ டாக்டர் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் தொடவில்லை" என்று அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பொய் என்கிறார்கள். மோதியதைவிட, பொய் சொன்னதற்காகவே வேலை போகும் என்று அண்ணன் பயப்படுகிறான். மே கடைசியில் விசாரணை.

அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாட்டி, அன்றைக்கு டப்பாவோடு போன பொட்டலத்தில் என்ன இருந்தது?

பாப்பா


ஏப்ரல் 8

பாட்டி,

நான் நலம். பதில் வரவில்லை. அம்மாவின் கடிதத்தில் நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று இருக்கிறது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறேன். என்ன எழுதினாலும் நான் உங்கள் பேத்திதான்.

பாப்பா


ஏப்ரல் 17

பாப்பாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகும், ஏற்கெனவே இந்த வீட்டில் ஒரு பொய் இருக்கிறது.

உன் மூன்று கடிதமும் தலையணை உறைக்குள் இருக்கின்றன. விரைவு அஞ்சலில் போட்டாயே, அது வந்தபோது வண்டி மோதி ஐந்து நாளாகியிருந்தது.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதியிலிருந்து மாற்றித்தான் கொடுத்தேன். மஞ்சளை உன் அப்பாவுக்கு, வெள்ளையைத் தாத்தாவுக்கு. பொடியாக்கிச் சர்க்கரை போட்டால் எது எது என்று யாருக்குத் தெரியும்? வாங்கிக்கொள்கிறவருக்குத் தெரியக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய், அதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். தூக்கம் வரும் என்றும் எழுதியிருந்தாய். அதையும் படித்தேன், பாப்பா. படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் தூங்கினால் இடுப்புக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். ஸ்டியரிங் பிடித்தபடி தூக்கம் வரும் என்று என் புத்தியில் ஏறவில்லை.

இரண்டாம் நாளே அவர் எண் ஏழிலிருந்து ஐந்துக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்ல. பேத்திக்குச் சமமாக நானும் ஒன்று கண்டுபிடித்துவிட்டேன் என்று சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.

வண்டி மோதிய சாயங்காலம் உன் அப்பா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, எதனாலன்னே தெரியல" என்று உன் அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஆனதும் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம். இப்படியே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. ரத்தத்தில் மருந்து இருந்தது என்பதை அவர் நம்பவில்லை, சோதனைதான் தப்பு என்று தன் உடம்பையே சந்தேகப்படுகிறார். மூளையில் ஏதாவது கோளாறா என்று டாக்டரிடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் அதையும் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

உன் அப்பாவும் நானும் இருபத்தெட்டு வருஷத்தில் நேருக்கு நேர் நின்று பத்து நிமிஷம் பேசியிருப்போமா? "சாப்பிடுங்க மாப்பிள்ளை", "போதும் அத்தை", அவ்வளவுதான். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? டிப்போவுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிடட்டுமா?

பாட்டி


ஏப்ரல் 24

என் பாட்டிக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் கொஞ்சமாவது சாப்பிடுவீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

டிப்போவுக்குக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். விசாரணையில் யாரோ ஒரு அதிகாரி படித்துக் காட்டி அவருக்கு இது தெரிய வரக் கூடாது. அம்மாவை நடுவில் வைக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். கோபப்படுவார். அந்தக் கோபம் அவருக்கு வேண்டும் பாட்டி, தன் உடம்பு கெட்டுப்போகவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு. உங்களுக்குப் பிடிக்கட்டும் என்று ஆராய்ச்சியை விளையாட்டு மாதிரி எழுதினேன், எச்சரிக்கையை ஒரே வரியில் முடித்துவிட்டேன். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். எது என்று தெரியாமல்தான் சாப்பிடுகிறார்கள், ஆனால் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு அது தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்தை நான் எழுதவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைக்க விரும்பவில்லை. போன வாரம் எங்கள் முடிவைப் பிரித்துப் பார்த்தோம். பாரசிட்டமால் சேர்த்தவர்கள், தசை மருந்து சேர்த்தவர்கள், மாவு சேர்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து மூன்று கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான். தசை மருந்துக்காரர்கள் அதிகம் தூங்கினார்கள், அவ்வளவே. அப்பாவின் ஏழு எப்படியும் இறங்கியிருக்கும். உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து கேப்ஸ்யூல் அடைத்த எனக்கும் இது ஏமாற்றம்தான்.

பாப்பா


மே 6

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாப்பிட்டேன்.

சொல்லிவிட்டேன். உன் அம்மாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "மாப்பிள்ளை, உங்க மாத்திரைய நான்தான் மாத்தினேன்" என்றேன். மீதியை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். "என் மூளையில ஒண்ணுமில்லையா அப்போ?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அரைகுறையாகத் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்றிலிருந்து நான் வைக்கிற சாப்பாட்டைத் தொடுவதில்லை. வெளியே சாப்பிடுகிறார், இல்லாவிட்டால் உன் அம்மா வேலையிலிருந்து வரும்வரை பட்டினி. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. உன் அம்மா அழுதாள், அப்புறம் என்னைத் திட்டினாள், அப்புறம் என் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். தாத்தா மட்டும், "எனக்கும்தானே மாத்தின, என்னைப் பத்தி யாராவது கேக்கறீங்களா?" என்றார்.

டிப்போவுக்கு எழுதியதை அப்படியே நகல் எடுத்து அனுப்புகிறேன்:

"டிப்போ மேலாளர் ஐயாவுக்கு வணக்கம். நான் விளக்குக் கம்பத்தில் மோதிய பஸ் டிரைவரின் மாமியார். என் மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. அவருக்கு மாத்திரை விழுங்க வராது. நான் பொடித்துக் கொடுப்பேன். டிப்போ மாத்திரைக்குப் பதில் என் வீட்டுக்காரர் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் பொடித்துக் கொடுத்தது நான். ஐந்து நாள் கொடுத்தேன். எந்தத் தேதியில் எது என்று கேலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். தண்டனை எனக்குத் தர வேண்டும். நெற்றியில் தையல் போட்ட அந்தப் பயணி அம்மாவின் விலாசம் கொடுத்தால் நேரில் போய் மன்னிப்புக் கேட்பேன். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளவும்."

விசாரணைக்கு என்னையும் வரச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது.

பாட்டி


ஜூன் 9

என் தங்கம் பாப்பாவுக்கு,

இப்போதாவது சரியாகத் தூங்குகிறாயா? இங்கே எல்லோரும் பரவாயில்லை.

விசாரணை முடிந்தது. நீளமான மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. என் கடிதத்தை உரக்கப் படித்தார்கள். மாத்திரை விழுங்க வராது என்ற இடத்தில் வாசலில் நின்ற டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். உன் அப்பா தலை குனிந்தார். இத்தனை வருஷம் அவர் மறைத்து வைத்ததை நான் ஊருக்கே படித்துக் காட்ட வைத்துவிட்டேன். இப்போது டிப்போவில் அவருக்குப் பொடிக்காரர் என்று பெயராம்.

கேலண்டர் தாளை மேலாளர் வெகு நேரம் பார்த்தார். அப்புறம் உன் அப்பாவிடம், "உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றார். "அப்ப தப்பு முழுக்க இந்த அம்மா மேலதான், இல்லையா?" என்றார் இன்னொருவர். உன் அப்பா ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவர் சொன்னார்: "இல்ல சார். அவங்க நான் வலியில துடிக்கறதப் பாத்துப் பொறுக்காம செஞ்சாங்க. ஆனா கண்ணு சொக்கினது எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டு ஸ்டாப்புக்கு முன்னாடியே தெரிஞ்சுது. அப்பவே வண்டிய ஓரங்கட்டியிருக்கணும். நேரத்துக்குப் போயிடலாம்னு ஓட்டினேன். அது என் தப்பு."

வாசலில் இருந்தவர்கள் அப்புறம் சிரிக்கவில்லை.

பொய் சொன்னார் என்பதை எழுத்திலேயே நீக்கிவிட்டார்கள். வேலை நிலைத்தது. மூன்று மாதம் டிப்போவுக்குள்ளேயே வண்டிகளை நகர்த்தி நிறுத்துகிற வேலை, அதற்குப் பிறகுதான் வெளியே எடுக்கலாம். பதக்கம் கிடையாது. தையல் போட்ட அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூட எழுத்தர். நெற்றியில் தழும்பு தெரிகிறது. கதவைத் திறந்து நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான்.

விசாரணை முடிந்த பிறகும் உன் அப்பா நான் வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. பத்து நாள் போனது. நேற்று மத்தியானம் நான் இந்தக் கடிதத்துக்குக் காகிதம் தேடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா வேலை முடிந்து வந்து, சமையலறை வாசலில் நின்றார். உன் அம்மா இல்லை என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"அத்தை, பாப்பாவுக்கா எழுதப்போறீங்க?"

ஆமாம் என்றேன்.

"அவ போட்டோ ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. எங்கிட்ட இருக்கறது ஸ்கூல் யூனிபார்ம்ல எடுத்தது. புது வண்டி குடுத்ததும் முன்னாடி வெச்சுக்கறேன்."

"நீங்களே எழுதலாமே, மாப்பிள்ளை" என்றேன்.

"நீங்க எழுதினாதான் அவ உடனே செய்வா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதனால் பாப்பா, கையிலிருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு, நல்ல ஸ்டுடியோவாகப் பார்த்துப் போ. அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள். முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளாதே. எடுத்த புதுப் போட்டோவை மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு.

உன் பாட்டி